கொற்கைக் கடலும் கடல்கட்டியும்

திருக்குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாகித் தென்காசியை அடுத்து ஓடிச் சீவலப்பேரியில் பொருநையொடு கூடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. அவ்வாற்றின் முகத்தே பண்டு விளங்கிய துறை கொற்கை. கொற்கை முத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அக்கடலில் மூழ்கியோர் நீருக்குள் எதிர்கொண்ட சுறாவையும், அவ்வச்சத்தை அவர் தாங்கிய வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

அகநானூற்றின் 350-ஆம் செய்யுள், சுறாக்களை அகற்றி வலம்புரிக்கு மூழ்கும் பரதவரையும், அவரை ஆரவாரத்தோடு வரவேற்கும் கொற்கையையும் காட்டுகின்றது. அகற்றிய வகை யாது என்பதைச் செய்யுள் கூறவில்லை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ ஒரு வகையைக் கூறுகின்றார். முத்துக்குளிக்கும் வணிகர் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் அளித்தனர். அக்கட்டுப் பகற்பொழுதிற்கே உரியது. இரவில் அதனை அவிழ்த்துவிடுவர் என்பது அவர் கூற்று. இரவில் எவரும் களவாக மூழ்காதிருக்க இஃது ஒரு காவலாகவும் பயன்பட்டிருத்தல் வேண்டும் என நாம் கருதுகின்றோம். எனினும், இதனைக் கொண்டு சங்ககாலப் பரதவரும் மந்திரத்தாலேயே சுறாவை அகற்றினர் எனத் துணிதல் பொருந்தாது. இரண்டிற்கும் இடையே ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

பிற்காலத்தில் இம்மந்திரக்காரர் கடல்கட்டி எனப்பட்டனர். 1859-இல் வெளிவந்த தம் இலங்கை வரலாற்று நூலில் எமர்சன் டெனன்ட் தரும் செய்தி ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. சுறாவைக் கட்டும் உரிமை வழிவழியாக ஒரு குடும்பத்திற்கு உரியது. அந்நாளில் அக்குடும்பத் தலைவர் கத்தோலிக்கர்! அவர் தழுவிய சமயம் மந்திரத்தின் ஆற்றலைக் குறைத்ததாக எவரும் எண்ணவில்லை. பரதவர் 16-ஆம் நூற்றாண்டிற் கிறித்தவம் தழுவிய பின்னரும், கடலைப் பற்றிய பழைய நம்பிக்கை சமய எல்லையைக் கடந்து நின்றமை இதனாற் புலனாகின்றது.

காரணம் தேடுதல் அரிதன்று. இன்று காற்றுக்கலம் தாங்கி மூழ்குவோர் நெடும்பொழுது நீருக்குள் தங்கிக் கடலுயிர்களைக் கண்டு களிக்கின்றனர். அன்றைய குளியாளோ கல்லொன்றின் கனத்தால் ஆழ்ந்து, ஒரு மூச்சடங்கும் முன் சிப்பியை அள்ளி மேலேற வேண்டியவன். அச்சம் கொண்ட நெஞ்சில் மூச்சு நில்லாது. பல படகுகளின் ஆரவாரமே சுறாக்களை விலகச் செய்திருத்தல் கூடும். ஆயினும் குளியாளைக் கடலில் இறங்கச் செய்தது கடல்கட்டியின் சொல்லே.

தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே இறுதி முத்துக்குளிப்பு. இவ்வளைகுடாவின் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் திமிங்கிலச் சுறாவைச் சட்டம் தன் காப்பில் எடுத்தது. மனிதனைச் சுறாவினின்று காக்க மந்திரம் வேண்டிய கடலில், சுறாவை மனிதனிடமிருந்து காக்கச் சட்டம் வேண்டியதாயிற்று.

கடல்கட்டி கட்டியது மூழ்குவோர் நெஞ்சத்து அச்சத்தையே என்க. முத்தின் வரலாற்றை எழுதுவோர், அம்முத்தை எடுத்தவனின் அச்சத்திற்கும் அதில் ஓரிடம் தருதல் கடன்.