தமிழ்நாட்டில் பழைய பெரிய எஞ்சின் கூபே கார்கள்

கூபே என்பது இரண்டு கதவுகளும் பின்பக்கம் தாழ்ந்து சரியும் கூரையும் கொண்ட மகிழுந்து வகையாகும். இவற்றுள் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட ஆறு அல்லது எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்ட சொகுசு வண்டிகள், 1920கள் முதல் 1960கள் வரை தமிழ்நாட்டுச் சாலைகளில் சிறிய எண்ணிக்கையில் ஓடின. அவை எப்படி வந்தன, எப்படி ஓட்டப்பட்டன, ஏன் பெரும்பாலும் அழிந்தன என்பதை இக்கட்டுரை கூறுகிறது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தின் சாலைகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

பெயர்கள்

கூபே என்ற சொல் 'வெட்டப்பட்டது' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நான்கு பேர் எதிரெதிரே அமரும் குதிரை வண்டியில் முன் இருக்கையை வெட்டிவிட்டு, இருவர் மட்டும் அமரும்படி செய்த வண்டிக்கு முதலில் அப்பெயர் வழங்கியது. பின்னர் அது காருக்கு வந்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கூபே என்று யாரும் சொன்னதில்லை. சொந்த உபயோகத்துக்கான கார் எதுவானாலும் அது 'பிளசர்'. பிளஷர் கார் என்ற ஆங்கில வழக்கின் சுருக்கம் இது. அமெரிக்கப் பெரிய கார்கள் வந்தபின் 'கப்பல் கார்' என்ற பெயரும் சேர்ந்தது.

ஆனால் கூபே காரின் ஓர் உறுப்பு, நம் அன்றாடப் பேச்சில் இன்றும் நிலைத்திருக்கிறது. பழைய கூபே கார்களின் பின்புறம், சாமான் வைக்கும் மூடியைத் திறந்தால் அதுவே வெட்டவெளியில் ஓர் இருக்கையாக விரியும். முதலாளி உள்ளே அமர, வேலையாளோ வீட்டுப் பிள்ளைகளோ அதில் உட்கார்ந்து புழுதி குடித்துக்கொண்டு வருவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் டிக்கி சீட் என்று பெயர். இருக்கை மறைந்து நெடுங்காலம் ஆகியும் காரின் பின்பெட்டியை நாம் 'டிக்கி' என்றே அழைக்கிறோம். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள்.

வருகை

சென்னையில் 1903இல் சிம்சன் நிறுவனம் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கியது. அக்காலத்தில் சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர்களில் ஒருவராகக் குறிப்பிடப்படுபவர், பல அரசுக் கட்டடங்களைக் கட்டிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். பெரிய எஞ்சின் வண்டிகள் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். ஃபோர்டு நிறுவனம் 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் தொழில் தொடங்கி, பம்பாயில் உதிரிகளை இறக்கிக் கார்களைப் பூட்டி விற்றன. 1911இல் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், தென்தமிழ்நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளராக வளர்ந்தது. செவர்லே, பியூக் போன்ற பெயர்கள் செட்டிநாட்டிலும் ஜமீன் ஊர்களிலும் பழகியது இவ்வழியில்தான்.

வாங்கியவர்களில் பெரும்பாலோர் நான்கு கதவு வண்டியையே விரும்பினர். இதற்குச் சமூகக் காரணம் உண்டு. கூபே, உடையவரே ஓட்டுவதற்காக உருவான வண்டி. இங்கோ முதலாளி பின்னால் அமர்வார். ஓட்டுவதற்குச் சம்பள டிரைவர் இருப்பார். இரண்டு கதவு வண்டியில் பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடித்து, உடலை வளைத்து நுழைய வேண்டும். பட்டு வேட்டியுடன் ஒரு பெரிய மனிதர் அப்படி நுழைவதை ஊர் பார்க்க வேண்டுமா? கூட்டுக் குடும்பத்துக்கும் அது ஒத்துவரவில்லை. ஆகவே கூபே வைத்திருந்தவர் என்றால், அவர் தாமே ஓட்டும் ஆசை கொண்டவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இவ்வகையினர் சிலர், சென்னையை அடுத்த சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களிலும் கலந்துகொண்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலத்தைத் தயாரித்தது. பேருந்துகளுக்கும் கார்களுக்கும் பின்னால் உயரமான அடுப்புப் போல அது பொருத்தப்பட்டது. பெரிய எஞ்சினை அதன் சொந்த எரிபொருளில் ஓட்ட முடியாமல் வேறு வழி தேடியது தமிழ்நாட்டில் அதுவே முதல் முறை. கடைசி முறை அல்ல.

கதவு மூடப்படுதல்

விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற கொள்கை 1953இல் உருவானது. அதையடுத்து ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டு வெளியேறின. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று பெயர்களுக்குள் கார் உலகம் சுருங்கியது.

அதன்பின் பெரிய கார் வாங்க விரும்பியவர்களுக்கு இருந்த முக்கிய வழி, தூதரகங்களின் கார்கள். தூதரக அதிகாரிகள் நாடு திரும்பும்போது விட்டுச்சென்ற கார்களை அரசு வணிகக் கழகம் ஏலத்தில் விற்றது. திரைப்படத் துறையினரும் தொழிலதிபர்களும் அவற்றை எடுத்தனர். 1958இல் செவர்லே இம்பாலா அறிமுகமானபோது அது இரண்டு கதவு வடிவில் மட்டுமே வந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. நான்கு கதவு இம்பாலா அடுத்த ஆண்டுதான் வந்தது. 'இம்பாலா' என்ற சொல் தமிழில் செல்வத்துக்கே மறுபெயரானது. ஊரில் ஒருவர் தேவைக்கு மேல் செலவு செய்தால் "இம்பாலா கார்ல போறவரு" என்று கேலி பேசுவதை என் இளமையில் கேட்டிருக்கிறேன்.

ஓட்டுவதும் பராமரிப்பதும்

தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை, பெங்களூரை நோக்கிச் செல்லும் கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையும், சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. பழைய பெரிய காரின் பலமும் பலவீனமும் இந்தச் சாலையில் தெரிந்துவிடும்.

சமவெளியில் அவ்வண்டிக்கு நிகர் இல்லை. கீரை மாற்றாமலே நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும். தொப்பூர் ஏற்றத்தில் நிலை வேறு. கோடை வெயிலில் கனமான வண்டி மெதுவாக ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வேலை செய்யாமல் வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி, அரைமணி நேரம் காத்திருந்தால் மீண்டும் கிளம்பும். இறக்கத்தில் ஆபத்து அதிகம். அக்காலப் பிரேக்குகள் டிரம் வகை. தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். எந்தக் கீரில் ஏற வேண்டுமோ அதே கீரில்தான் இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுநர்கள் சொல்லும் விதி இதற்கும் பொருந்தும். ஆனால் இரண்டே கீர் கொண்ட அமெரிக்கத் தானியங்கிக் கீர்பெட்டியில் அதற்கும் வழி குறைவு.

கூபேக்கு மட்டுமே உரிய தொல்லைகளும் உண்டு. கதவு நீளமானது, கனமானது. சில ஆண்டுகளில் கீல் தளர்ந்து கதவு தொங்கும். தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். பல மாதிரிகளில் கதவுக் கண்ணாடிக்குச் சட்டமே கிடையாது. ஓரத்து ரப்பர் வெடித்ததும் ஐப்பசி மழை நேரே மடியில் இறங்கும். அந்த ரப்பர் இங்கு கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் உதிரிகளைத் தேடுவது, கிடைக்காததை உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்துகொள்வது என்பதே நடைமுறை.

டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களுக்கு மட்டும் ஓரளவு வசதி இருந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரின் கார்களையும் ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளையும் தயாரித்ததால், அவற்றின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் லாரி மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமாக இருந்தது. எட்டு சிலிண்டர் வண்டியின் பானெட்டைத் திறந்தால் அதே மெக்கானிக் தலையைச் சொறிவார்.

ஒரு கணக்கு

இம்பாலாவின் பரவலான எட்டு சிலிண்டர் எஞ்சின் 283 கன அங்குலம். ஒரு கன அங்குலம் 16.39 கன சென்டிமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 4,640 சி.சி. வரும். 1980இல் ஓசூரில், அதாவது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில், டி.வி.எஸ். 50 மொபெட் உற்பத்தி தொடங்கியது. அதன் எஞ்சின் 50 சி.சி. ஏறத்தாழ 93 மொபெட் எஞ்சின்களைச் சேர்த்தால் ஓர் இம்பாலா எஞ்சின் ஆகும். தர்மபுரியிலிருந்து சென்னைக்குச் சுமார் 300 கி.மீ. லிட்டருக்கு 5 கி.மீ. என்று வைத்தாலும் அந்தக் காருக்கு 60 லிட்டர் வேண்டும். மொபெட்டுக்கு லிட்டருக்கு 50 கி.மீ. என்றால் ஆறு லிட்டர் போதும். பெரிய அமெரிக்கக் கார்களை விற்று வளர்ந்த குடும்பத்தின் நிறுவனமே இந்த மொபெட்டையும் தந்தது.

டீசல் மாற்றம்

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்குச் சென்றது அந்த நவம்பரில்தான். பெரிய எஞ்சின் கார் வைத்திருந்தவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: நிறுத்திவிடுவது, எடைக்குப் போடுவது, எஞ்சினை மாற்றுவது.

மூன்றாவது வழியைப் பலர் எடுத்தனர். சென்னை சிம்சன் நிறுவனம் 1950கள் முதல் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்து வந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் உரிய இந்த எஞ்சின்களைப் பழைய கார்களில் வைத்தார்கள். தானியங்கிக் கீர்பெட்டி போய், ஜீப் அல்லது வேனின் கீர்பெட்டி வந்தது. இப்படி மாற்றப்பட்ட பிளைமவுத்தும் டாட்ஜும் வாடகைக் கார்களாக நெடுநாள் ஓடின. சொகுசு போய்விட்டது. ஸ்டியரிங் அதிரும், பேச்சு கேட்காது, முன்பக்கம் பாரத்தால் தாழும். ஆனால் வண்டி ஓடியது.

இதையே ஒரு தொழிற்சாலையும் செய்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 கார் 1976இல் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் வெளிவந்தது. சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் அதே உடலை 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் விற்றது. உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காரின் வழிவந்த 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். விலை மிக அதிகம். வேகமும் இல்லை, சிக்கனமும் இல்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பட்டறையில் ஏழ்மையால் செய்ததைத் தொழிற்சாலை சொகுசு என்று சொல்லி விற்க முயன்றது என்பதே என் கருத்து.

நான் பள்ளியில் படித்த 1970களில், எங்கள் ஊர்ப் பக்கம் புளி மண்டி வைத்திருந்த ஒருவரிடம் இரண்டு கதவு செவர்லே ஒன்று இருந்தது. தொப்பூர் மேட்டில் அது நின்றபோது குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய சிறுவர்களில் நானும் ஒருவன். கூலியாக டிக்கியில் உட்கார்ந்து அரை மைல் போக அனுமதித்தார். சில ஆண்டுகள் கழித்து அதே வண்டி டிராக்டர் சத்தத்துடன் வந்தது. பழைய எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எடைக்குப் போட்டாச்சு தம்பி, நல்ல இரும்பு" என்றார்.

இன்றைய நிலை

எஞ்சியவை சில காப்பகங்களிலும் தனியாரிடமும் உள்ளன. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. சென்னையில் ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டு, பழைய கார்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இன்று ஓட்ட விரும்புவோருக்குப் புதிய சிக்கல்கள் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. அந்த ஈயம், பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் வளையம் தேயாமல் காத்து வந்தது. இப்போது கடினமான வளையங்களைப் பொருத்த வேண்டியுள்ளது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் கெடுக்கும். அவற்றையும் மாற்ற வேண்டும். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் 1980களின் ஜாகுவார், மெர்சிடிஸ் கூபேக்களைக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்திய காரைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் என்றால்தான் இறக்குமதி செய்யலாம். 15 ஆண்டு கடந்த இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதியை வெளியிட்டது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், அடிச்சட்டமோ உடலோ எஞ்சினோ மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

புளி மண்டிக்காரரின் செவர்லேயை அவருடைய பேரன் இப்போது வைத்திருக்கிறார். தகரக் கொட்டகையில், கதவு தொங்கினாலும் துருவேறாமல் நிற்கிறது. டீசல் எஞ்சின் வைத்ததால்தான் அது புதுப்பேட்டைக்குப் போகாமல் தப்பியது. அதே டீசல் எஞ்சினால் அந்தப் பதிவுக்கும் அது தகுதி பெறாது. 283 கன அங்குல எஞ்சின் எங்காவது கிடைக்குமா என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.