ஊழிக்குப் பிந்தைய திரைப்படம்: சிறு பட்ஜெட்டும் வடதிருவள்ளூர் நிலமும்

போராலோ கொள்ளைநோயாலோ சூழல் சீர்கேட்டாலோ நாகரிகம் சரிந்தபின் எஞ்சியவர்களின் கதையைச் சொல்பவை ஊழிக்குப் பிந்தைய படங்கள். இவ்வகையில் அதிகம் பணம் கேட்பது அழிந்த உலகம்தான். அதற்கு செட் போட வசதியில்லாதவர்கள், உண்மையிலேயே பாழ்பட்ட நிலத்தைத் தேடிப் போகிறார்கள்.

ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்' (1979) மெல்போர்னைச் சுற்றியுள்ள வெறிச்சோடிய சாலைகளை வைத்தே எடுக்கப்பட்டது. கிறிஸ் மார்க்கரின் 28 நிமிடப் படமான 'லா ஜெத்தே' (1962) ஏறக்குறைய முழுவதும் நிழற்படங்களால் ஆனது. டேனி பாயில் '28 டேஸ் லேட்டர்' (2002) படத்துக்காக விடிகாலை லண்டனில் சில நிமிடங்கள் மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, சிறிய டிஜிட்டல் கேமராக்களில் படம்பிடித்தார். தமிழில் ஊட்டியில் நடக்கும் ஜாம்பி கதையான 'மிருதன்' (2016) இவ்வகைக்கு நெருங்கிய உறவு. பிரமோத் சுந்தர் இயக்கத்தில் ஷ்ரத்தா ஸ்ரீநாத், கிஷோர் நடித்த 'கலியுகம்' (2025) நேரடியாகவே ஊழிக்குப் பிந்தைய உலகைக் களமாக்கியது.

வடதிருவள்ளூரின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து தெற்கே அத்திப்பட்டு, வல்லூர், எண்ணூர் வரையுள்ள வட்டாரம் இத்தகைய படங்களுக்குத் தானாகவே அமைந்த களம்போலத் தோன்றும். இரும்பு உருக்காலைகள், 1,500 மெகாவாட் வல்லூர் அனல் மின் நிலையம், கொசஸ்தலை ஆற்றோரம் படிந்த சாம்பல், அதற்கிடையே சீமைக் கருவேலம். ஆனால் இந்த நிலம் கைவிடப்பட்டதன்று. ஆலைகள் மூன்று ஷிஃப்டும் ஓடுகின்றன, முகத்துவாரத்தில் மீனவர்கள் இறால் பிடிக்கிறார்கள். இங்கு படமெடுப்பதில் வரும் சிக்கல்கள் அனைத்தும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் ஒலி. தேசிய நெடுஞ்சாலை 16-இல் லாரிகள் ஓய்வதில்லை. சென்னை–கூடூர் பாதையில் புறநகர் ரயிலும் சரக்கு ரயிலும் மாறி மாறிப் போகின்றன. ஆளரவமற்ற உலகத்தை இங்கே லைவ் சவுண்டில் பதிவுசெய்வது கடினம். டப்பிங்கையும் தனியே சேர்க்கும் ஓசைகளையும் நம்ப வேண்டியிருக்கும், அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. அடுத்தது பருவம். வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்ததும் தரையெல்லாம் பச்சை பிடித்துவிடும். மாசியில் எடுத்த ஷாட்டோடு கார்த்திகையில் எடுத்ததைச் சேர்த்தால் கலர் கிரேடிங்கில் எவ்வளவு போராடினாலும் ஒட்டாது. இரவுக் காட்சிகளில் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகளை ஃபிரேம் ஃபிரேமாக அழிக்க வேண்டியிருக்கும்.

ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலையைச் சிக்கனமாகவே முடிக்கலாம். சட்டையை டீ டிகாஷனில் ஊறவைத்து, முழங்கையிலும் காலரிலும் உப்புத்தாள் தேய்த்தால் பல வருடம் உடுத்தியதுபோல் நைந்துவிடும். முகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு கரி என்பதை ஷாட்டுக்கு ஷாட் படமெடுத்து வைக்கும் உதவி இயக்குநர் இல்லையென்றால் கன்டினியூட்டி குலைந்துவிடும்.

பிறகு அனுமதி. அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் காவலுள்ள வளாகங்கள். ட்ரோன் விதிகள் 2021-இன்படி சிவப்பு மண்டலத்தில் ட்ரோன் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி தேவை. ஆலை வாசலில் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்ற நம்பிக்கையில் கால்ஷீட் வாங்கும் யூனிட், அன்றைய வாடகையையும் பேட்டாவையும் இழக்கும்.

எல்லாவற்றிலும் அலட்சியப்படுத்தக் கூடாதது உடல்நலம். தர்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) எஸ்தோனியாவில் கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்களில் எடுக்கப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் ஒரு ரசாயன ஆலை கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தது. படக்குழுவில் சிலரின் பிற்கால மரணங்களை ஒலிப்பதிவாளர் விளாதிமிர் ஷாருன் அந்த நீரோடு தொடர்புபடுத்தினார். தர்கோவ்ஸ்கியே 1986-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றாலும் சாம்பல் மேட்டில் நடிகரைப் படுக்கவைக்குமுன் இதை நினைக்க வேண்டும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், பாதரசம் போன்ற நச்சுகள் உண்டு. நல்ல முகக்கவசமும் கழுவ நல்ல தண்ணீரும் பட்ஜெட்டில் முதல் வரியாக இருப்பதே நேர்மை.

இங்கு வாழ்வோரைக் காட்சியிலிருந்து அகற்றிவிட்டு, அவர்கள் ஊரை மட்டும் நரகமாகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாயில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் இரவோடிரவாக வீடுகளைவிட்டு ஓடினர். பேரழிவு இங்கு எதிர்காலக் கற்பனையன்று. ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' (2017) காணொளி எண்ணூரின் இதே நிலத்தைக் காட்டியது. எதிர்கால வேடம் எதையும் பூட்டாமல், அதை யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் உரிய இடமாக அறிமுகப்படுத்தியது.

நிலத்தை நம்பாத வழியும் இருக்கிறது. அருண் சந்துவின் மலையாளப் படம் 'ககனசாரி' (2024), ஆவணப்பட நேர்காணல் பாணியில், பெரும்பகுதி ஒரே குடியிருப்புக்குள் நடக்கிறது. வெளியே உலகம் எப்படி ஆனது என்பதைப் பாத்திரங்களின் பேச்சே நமக்குச் சொல்லிவிடுகிறது.