கட்சி: கூடும் கூறும்

‘கட்சி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு, தேர்தலே இல்லாத காலத்தில் தமிழனுக்குக் கட்சி ஏது?’ என்று மேடைக்கு மேடை ஒருவர் முழங்குகிறார். ‘கட்டுப்பாடு உள்ளது கட்சி, கட்டு என்பதிலிருந்து வந்தது’ என்று இன்னொருவர் விளக்குகிறார். இரண்டும் பிழை. மும்பை செம்பூர் வட்டாரத்துத் தமிழ்க் கூட்டங்களிலும் இவற்றைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

கபிலர் இருங்கோவேளைப் பாடிய புறநானூற்று 202ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாரி மகளிரை ஏற்க மறுத்தவனிடம் மனம் புண்பட்டுப் பாடியது. வேட்டுவர் விரட்ட, ஒதுங்கும் இடம் காணாமல் ஓடுகிறது ஒரு கடமான் ஏறு. அந்த ஒதுங்கிடத்துக்குக் கபிலர் வைத்த சொல் ‘கட்சி’. முந்தைய அடியில் வெட்சி, அடுத்த அடியில் கட்சி. எதுகையும் பொருளும் ஒருசேர விழுகின்றன. நிகண்டுகளோ கூடு, காடு, போர்க்களம் என்றும் இதற்குப் பொருள் தருகின்றன. ஆள் ஆட்சி ஆனது, மீள் மீட்சி ஆனது, நீள் நீட்சி ஆனது. அதே வழியில் கள் கட்சி ஆனது. களவு, கள்வன், கள்ளம் எல்லாம் மறைவைக் குறிக்கும் சொற்கள். மறைந்து தங்கும் இடம் கட்சி. ‘கட்டு’ இங்கே எங்கிருந்து வந்தது?

வடமொழி ‘கக்ஷி’யே மூலம் என்பவர்கள் மூன்றாவது அணி. அவர்கள் சொல்வதில் பாதி சரி. சாக்ஷி சாட்சியானது போல், பக்ஷி பட்சியானது போல், கக்ஷி கட்சியாகும். பழைய பத்திரிகைகளில் ‘கக்ஷி’ என்றே அச்சாகியிருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் வழக்காடுபவருக்குக் கக்ஷி என்றே பெயர். வக்கீல் ‘என் கட்சிக்காரர்’ என்பது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் வந்த சொல் குடியேறிய வீடு பழையது. அந்த மூன்று மொழிகளின் கக்ஷியில் கூடு இல்லை, புகலிடம் இல்லை. தமிழில் மட்டும் இரண்டும் ஒரே ஒலியில் கலந்தன. நம்மைச் சுற்றியுள்ள மராத்தியர் கட்சியைக் குறிக்கும் ‘பக்ஷ்’ என்ற சொல்லுக்கு இறக்கை என்றும் பொருள். அவர்கள் இறக்கையைப் பிடித்தார்கள், நாம் கூட்டைப் பிடித்தோம்.

இனி வெள்ளைக்காரனின் ‘பார்ட்டி’. அதன் லத்தீன் வேருக்குப் பொருள் பகுத்தல், கூறுபோடுதல். 1796இல் விடைபெற்ற அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், கூறுபடும் அந்தக் குணத்தைப் பற்றித் தம் நாட்டை எச்சரித்துவிட்டுப் போனார். நாடு கேட்கவில்லை. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் முன்னணியில் நின்றும் பெரும்பான்மை எட்டவில்லை. பிரதிநிதிகள் சபை ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. சபையில் ஆடம்ஸுக்குத் துணைநின்ற ஹென்றி கிளே வெளியுறவு அமைச்சரானார். பேரம் நடந்துவிட்டது என்று ஜாக்சன் ஆட்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் திரண்டதே ஜனநாயகக் கட்சி. 1828இல் ஜாக்சன் வென்றார். சாமானியரின் தலைவர் என்று கொண்டாடப்பட்டார். 1832இல் தேசிய வங்கி மசோதாவை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். எதிரிகள் அவரை மன்னர் என்று ஏசி, ‘விக்’ என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். மன்னருக்கு எதிராக நின்ற பழைய ஆங்கிலக் கட்சியின் பெயர் அது.

தபால் நிலையப் பதவி வரைக்கும் தம் ஆட்களுக்குப் பங்கு வைத்தவர் ஜாக்சன். வென்றவருக்கே கொள்ளைப் பொருள் என்று வில்லியம் மார்சி செனட்டிலேயே அதற்கு நியாயம் பேசினார். இதற்குத் தொல்காப்பியர் எப்போதோ பெயர் வைத்துவிட்டார். வெட்சித் திணையில் கவர்ந்த ஆநிரையை வீரர்க்குப் பகிர்வது ‘பாதீடு’. ஈழத் தமிழர் இன்று வரவுசெலவுத் திட்டத்துக்கு இந்தச் சொல்லை எடுத்தாள்கிறார்கள். ‘கழகம்’ என்ற சொல்லும் இப்படிப் பொருள் மாறி வந்ததுதான்: குறளில் சூதாடும் இடம், கம்பனில் கலை பயிலும் இடம், 1949இல் ஒரு கட்சியின் பெயர்.

பாதீட்டில் பங்கு பெற்றவர்களுக்குக் கட்சி கூடாக இருந்தது. ஆனால் அதே ஜாக்சன் 1830 மே 28இல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1838இல் செரோக்கியர் படைபலத்தால் மேற்கே விரட்டப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்த வழியில் மாண்டார்கள். கபிலரின் கடமான் ஏற்றுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்தது.

மும்பையின் சீத்தா கேம்பில் இந்த விரட்டலை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வறுமையை ஒழிப்போம் என்று 1971இல் ஓட்டு வாங்கியவர் இந்திரா காந்தி. அவருடைய நெருக்கடி நிலையில், 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜாக்கின் அற்புதம் தலைமையில் அந்த மக்கள் டெல்லி வரை போய்ப் போராடியிருந்தார்கள். பலிக்கவில்லை. குடும்பம் குடும்பமாக இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். மறு ஆண்டு இந்திராவைத் தோற்கடித்த கூட்டணிக் கட்சியின் பெயரும் ஜனதா.

அந்தக் காலத்துக் குடிசைவாசி அடையாள அட்டையான ஃபோட்டோ பாஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியடியில் வைத்திருக்கும் பாட்டிமார் இங்கே உண்டு. குழாயடிச் சண்டை முற்றினால் கேட்பார்கள்: ‘நீ யார் கட்சிடி?’ எந்தக் கொடி என்பது அவர்கள் கேள்வியன்று. உனக்காக யார் நிற்பார்கள், நீ யாரிடம் போய் ஒதுங்குவாய் என்பதே கேள்வி. கபிலர் கண்ட பொருள் நம் குழாயடியில் இன்னும் செத்துவிடவில்லை.

அகராதிக்காரர்கள் புகலிடக் கட்சியையும் கக்ஷிவழிக் கட்சியையும் தனித்தனிப் பதிவாக வைத்து நடுவில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டை அழிக்க வேண்டும். ‘கட்சி’க்கு வேர் கள்; முதற்பொருள் புகலிடம்; கக்ஷி அதில் பின்னால் வந்து கலந்தது. இது என் துணிபு. மறுப்பவர்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ மலையாளத்திலோ கூடு என்ற பொருளில் ஒரு கக்ஷியைக் காட்டிவிட்டு மறுக்கட்டும்.