சைக்கிள் விபத்து: தவறை நிரூபிக்க வேண்டியவர் யார்?

லண்டனிலோ, பாரிசிலோ, டொரன்டோவிலோ சைக்கிளில் செல்லும் ஒருவர் மீது கார் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். காயம் ஒரே மாதிரியானதாக இருக்கலாம். ஆனால் அவருக்கு இழப்பீடு கிடைக்குமா, அதற்காக யார் எதை நிரூபிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மூன்று நகரங்களிலும் மூன்று வெவ்வேறு பதில்கள் உள்ளன.

மூன்று நகரங்களிலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். மாணவர்களுக்கும் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் சைக்கிள் செலவு குறைந்த போக்குவரத்து. உணவு விநியோகத்தில் ஈடுபடுவோருக்கு அதுவே பிழைப்பும்கூட. விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு கோருவதற்கு அந்த நாட்டின் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் விதிகளை அறியாததாலும் காலக்கெடுவைத் தவறவிடுவதாலும் உரிமையை இழக்க நேரிடலாம்.

பிரிட்டன்: சுமை காயமடைந்தவர் மீது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாகன ஓட்டுநர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்பதைக் காயமடைந்த சைக்கிளோட்டியே நிரூபிக்க வேண்டும். எனவே சாட்சியும் புகைப்படமும் இல்லாத வழக்கு பலவீனமான வழக்காகிவிடுகிறது.

இதில் சைக்கிளோட்டிகளுக்கு ஓரளவு கைகொடுப்பது நெடுஞ்சாலை விதிக்கோவை. 2022 ஜனவரி 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், அதிக தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிக பொறுப்பு உண்டு என்ற கோட்பாட்டை அதில் சேர்த்தன. மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்திச் செல்லும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் அது கூறுகிறது. இந்தக் கோவையை மீறுவது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அந்த மீறலை இழப்பீட்டு வழக்கில் ஆதாரமாகக் காட்டலாம்.

சைக்கிளோட்டியின் மீதும் தவறு இருந்தால் வழக்கு அடியோடு தோற்றுவிடாது. 1945ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ், அவரது தவறின் விகிதத்துக்கு ஏற்ப இழப்பீட்டுத் தொகை குறைக்கப்படும். இரவில் விளக்கின்றிச் செல்வது இதற்கு ஓர் உதாரணம்.

தலைக்கவசம் அணிவது பிரிட்டனில் சட்டப்படி கட்டாயமல்ல. ஆயினும் அதை அணியாதது இழப்பீட்டைக் குறைக்கக் காரணமாகலாம் என்று 2009இல் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கருத்துத் தெரிவித்தது. அதேவேளை, தலைக்கவசம் அணிந்திருந்தால் காயம் குறைந்திருக்கும் என்பதை எதிர்த்தரப்பே நிரூபிக்க வேண்டும் என்றும் அது கூறியது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பால் அதை நிரூபிக்க முடியாததால் தொகை குறைக்கப்படவில்லை.

மோதிய ஓட்டுநர் தப்பியோடினாலும், அவரிடம் காப்புறுதி இல்லாவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 1946இல் ஏற்படுத்தப்பட்ட வாகனக் காப்புறுதியாளர் பணியகத்திடம் விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் யாரென்று தெரியாத சம்பவங்களில், காவல்துறையிடம் தாமதமின்றி முறையிட்டிருப்பது மிக முக்கியம்.

சாலையில் இருந்த குழியால் விழுந்தவர்கள், 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் சாலையைப் பராமரிக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் மீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் சாலையை முறையாகச் சோதித்துப் பராமரித்து வந்ததாக மன்றம் காட்டினால் அது தப்பித்துக்கொள்ளும். குழி அடைக்கப்படும் முன்னரே அதன் ஆழம் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டியது இதனால்தான்.

வழக்குத் தொடுக்கப் பொதுவாக 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு. காயமடைந்தவர் சிறுவராக இருந்தால், அவர் 18 வயதை எட்டிய பின்னரே இந்த 3 ஆண்டுகள் தொடங்கும்.

மின்சார சைக்கிள்: ஓர் எச்சரிக்கை

பிரிட்டனில் 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டார் கொண்டு, மணிக்கு 15.5 மைல் வேகத்தில் மோட்டாரின் உதவி நின்றுவிடும் மிதிக்கட்டை உள்ள மின்சார வண்டியே சைக்கிளாகக் கருதப்படும். வேகத்தைக் கூட்டுவதற்காக மாற்றியமைக்கப்பட்ட வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம். அதற்கு உரிமமும் பதிவும் காப்புறுதியும் தேவை. அவை இல்லாமல் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினால், இழப்பீட்டைத் தமது கையிலிருந்தே கொடுக்க வேண்டிய நிலை ஏற்படலாம்.

பிரான்ஸ், நெதர்லாந்து: சுமை வாகனத்தின் மீது

பிரான்சில் 1985 ஜூலை 5ஆம் தேதிய பதன்தேர் சட்டம் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்ட விபத்தில் சைக்கிளோட்டிக்கு உடற்காயம் ஏற்பட்டால், ஓட்டுநரின் தவறை அவர் நிரூபிக்கத் தேவையில்லை. மன்னிக்க முடியாத பெருந்தவறு ஒன்றை அவர் செய்து, அதுவே விபத்துக்கு ஒரே காரணமாக இருந்தால் மட்டுமே இழப்பீட்டை மறுக்கலாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் பாதுகாப்பு இன்னும் வலுவானது. வேண்டுமென்றே தம்மைக் காயப்படுத்திக்கொண்டாலொழிய அவர்களுக்கு மறுக்க முடியாது.

விபத்து நடந்து 8 மாதங்களுக்குள் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை முன்மொழிய வேண்டும். உடன்பாட்டில் ஒப்பமிட்ட பிறகும், 15 நாட்களுக்குள் மனம் மாறி அதைக் கைவிடும் உரிமை காயமடைந்தவருக்கு உண்டு.

நெதர்லாந்திலும் மோட்டார் வாகனத் தரப்பே முதலில் பொறுப்பாளி. 14 வயதுக்குக் குறைந்த சிறுவர் காயமடைந்தால் பொதுவாக முழு இழப்பீடும், மற்றவர்களுக்கு அவர்கள் மீது தவறு இருப்பினும் குறைந்தது பாதியும் கிடைக்கும் என அந்நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் நிலைநாட்டியுள்ளன.

ஒன்ராறியோ: நாட்கணக்கு முக்கியம்

டொரன்டோ அமைந்துள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தவறு யாருடையதாயினும் காப்புறுதி மூலம் கிடைக்கும் மருத்துவ, மறுவாழ்வு உதவிகள். சைக்கிளோட்டியிடம் காருக்கான காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனமும், இல்லையேல் பொதுவாக மோதிய வாகனத்தின் காப்புறுதி நிறுவனமும் இதை வழங்கும். இதற்கு 7 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி.

இரண்டாவது, ஓட்டுநர் மீதான வழக்கு. கார் சைக்கிளோட்டியை மோதிய விபத்தில், தாம் கவனக்குறைவாக ஓட்டவில்லை என்பதை ஓட்டுநரே நிரூபிக்க வேண்டும் என மாகாண நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. வழக்குக்கான பொதுவான காலவரம்பு 2 ஆண்டுகள். சாலையின் பழுதால் விழுந்திருந்தால் நகராட்சிக்கு 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவருக்கு இது மிகக் குறுகிய அவகாசம். குடும்பத்தினர் இதை அறிந்திருப்பது அவசியம்.

விழுந்த இடத்தில்

கீழே விழுந்தவுடன் வெட்கத்தோடு எழுந்து, "பரவாயில்லை" என்று கூறிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நம்மில் பலரின் இயல்பு. தலையில் பட்ட அடியும் உள்காயமும் சில மணி நேரம் கழித்தே தெரியவரலாம். அப்போது காரும் இருக்காது, சாட்சியும் இருக்காது.

எந்த நாடாயினும் வாகனத்தின் பதிவு எண், ஓட்டுநரின் பெயர், முகவரி, காப்புறுதி விவரம், சாட்சிகளின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். காயமடைந்து மோதிய வாகனத்தின் ஓட்டுநர் நிற்காமல் செல்வது பிரிட்டனில் குற்றம். காவல்துறையிடம் முறையிட்டு, அதன் பதிவு எண்ணைப் பெற வேண்டும். அன்றே மருத்துவரைக் காண வேண்டும், ஏனெனில் அவரது குறிப்பே காயத்துக்கான முதல் ஆதாரம். உடைந்த சைக்கிளையும் தலைக்கவசத்தையும் எறிந்துவிடக் கூடாது. வேலைக்குப் போகாத நாட்களின் ஊதிய விவரத்தையும் மருத்துவச் செலவு ரசீதுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். மொழி தடையாக இருந்தால், புரியாத வாக்குமூலத்தில் ஒப்பமிடாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதே நல்லது.

காப்புறுதி நிறுவனம் விரைவில் ஒரு தொகையைக் கொடுக்க முன்வருவது வழக்கம். பிரிட்டனில் அதை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்று ஒப்பமிட்டவர், பின்னாளில் காயம் மோசமானாலும் பொதுவாக மீண்டும் கேட்க முடியாது. காயம் எங்கே போய் நிற்கும் என்று மருத்துவர் கூறும்வரை, அவசரப்பட்டு ஒப்பமிடாமல் சுயேச்சையான சட்ட ஆலோசனையைப் பெறுவதே பாதுகாப்பானது.