பெட்ரோல் விலை ஏன் ஏறி இறங்குது? நீங்கள் கொடுக்கும் வெள்ளி எங்கே போகிறது?

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்று காலையில் செய்தி வரும். மாலையில் பெட்ரோல் நிலையத்துக்குப் போனால் அதே பழைய விலை!

"ஏத்தும்போது மட்டும் உடனே ஏத்துறாங்க, இறக்கும்போது ஏன் இவ்வளவு மெதுவா?"

சிங்கப்பூரில் வாகனம் ஓட்டும் பலரும் கேட்கும் கேள்வி இது. சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் வரவழைக்கும் உணவு, ஏறும் டாக்சி, வீட்டுக்கு வரும் பொட்டலம் எனப் பலவும் பெட்ரோலிலோ டீசலிலோ ஓடுகின்றன.

சரி, அந்த விலை எப்படி உருவாகிறது? படிப்படியாகப் பார்ப்போம்.

சிங்கப்பூரில்தானே சுத்திகரிக்கிறோம், அப்புறம் ஏன் விலை அதிகம்?

சிங்கப்பூரில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் புலாவ் புக்கோமில் 1961ஆம் ஆண்டிலிருந்தே சுத்திகரிப்பு நடக்கிறது. ஜூரோங் தீவிலும் பெரிய ஆலைகள் உள்ளன. ஆசியாவின் முக்கிய எண்ணெய் வர்த்தக மையங்களில் ஒன்று நம்ம ஊர்.

அதனால் நமக்கு மலிவாகக் கிடைக்குமா? கிடைக்காது. ஜூரோங் தீவில் தயாராகும் பெட்ரோலை ஆலை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இந்தோனேசியா, ஆஸ்திரேலியா என்று வாங்குவதற்கு ஆள் இருக்கும்போது, உள்ளூருக்கு மட்டும் குறைத்துக் கொடுக்க அதற்குக் காரணமில்லை.

அந்த மொத்த விலைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பிளாட்ஸ் நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் மாலை 4.30 மணி நிலவரப்படி வெளியிடும் சிங்கப்பூர் விலை அது. வர்த்தகர்கள் அதைச் சுருக்கமாக 'மாப்ஸ்' என்பார்கள். இந்த வட்டாரத்தில் பெட்ரோல் வாங்குபவர்களும் விற்பவர்களும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கார் குடிப்பது கச்சா எண்ணெய் இல்லை, பெட்ரோல். இரண்டும் ஒரே திசையில் போகும். ஆனால் எப்போதும் ஒரே வேகத்தில் போகாது.

2022ஆம் ஆண்டு நல்ல உதாரணம். ரஷ்யா உக்ரேனுக்குள் படையெடுத்ததை அடுத்து, மார்ச்சில் பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலர் வரை தொட்டது. ஜூனில் கச்சா எண்ணெய் அந்த உச்சத்தைவிடக் குறைவு. ஆனால் சிங்கப்பூரில் பெட்ரோல் விலை மார்ச்சைவிட ஜூனில் அதிகம்! காரணம், உலகம் முழுவதும் சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தட்டுப்பாடு. அரிசி இருந்தாலும் சமைக்க அடுப்பு போதவில்லை என்ற நிலைமை.

ஒரு லிட்டரைப் பிரித்துப் பார்ப்போமா?

கணக்குக்காக 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு 2 வெள்ளி 80 காசு என்று வைத்துக்கொள்வோம். கழிவு எதுவும் சேர்க்காத விலை.

முதலில் பெட்ரோல் தீர்வை. 2021 பிப்ரவரி 16ஆம் தேதியிலிருந்து 92, 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு, 98 ஆக்டேனுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 79 காசு. அதற்கு முன்னர் அது முறையே 56 காசாகவும் 64 காசாகவும் இருந்தது.

அடுத்தது 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி. அது தீர்வையையும் சேர்த்த மொத்தத் தொகைமீது கணக்கிடப்படுகிறது. வரிக்கும் வரி என்று சொல்லலாம். நம் கணக்கில் அது சுமார் 23 காசு.

ஆக, 89 காசு அரசாங்கத்துக்கு. மீதி 1 வெள்ளி 91 காசில்தான் பெட்ரோலின் மொத்த விலை, லாரியில் கொண்டுவரும் செலவு, நில வாடகை, ஊழியர் சம்பளம், அட்டைக் கழிவுகளுக்கான செலவு, நிறுவனத்தின் லாபம் எல்லாமே அடக்கம்.

கச்சா எண்ணெய் 10 விழுக்காடு இறங்கினால் பெட்ரோலும் 10 விழுக்காடு இறங்க வேண்டாமா?

இதில்தான் பலருக்குக் குழப்பம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். கச்சா எண்ணெய் 80 டாலரிலிருந்து 72 டாலருக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 டாலரை 159ஆல் வகுத்தால் லிட்டருக்கு 5 அமெரிக்க காசு. ஓர் அமெரிக்க டாலர் 1 வெள்ளி 30 காசு என்றால், நம் பணத்தில் ஆறரைக் காசு. பொருள் சேவை வரியையும் சேர்த்தால் சுமார் 7 காசு.

அதாவது கச்சா எண்ணெயின் 10 விழுக்காட்டுச் சரிவு முழுமையாக உங்களுக்கு வந்து சேர்ந்தாலும், 2 வெள்ளி 80 காசில் குறையக்கூடியது 7 காசுதான். இரண்டரை விழுக்காடு!

தீர்வை விழுக்காட்டுக் கணக்கில் இல்லை, லிட்டருக்கு இவ்வளவு காசு என்ற நிலையான தொகை. எண்ணெய் விலை எப்படி ஆடினாலும் 66 காசு ஆடாது. நில வாடகையும் சம்பளமும் அப்படித்தான். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலருக்கும் கீழே போனது. அன்றுகூட இங்கே யாருக்கும் பெட்ரோல் இலவசமாகக் கிடைக்கவில்லை.

இதே காரணத்தால், உலக விலை ஏறும்போதும் நமக்கு முழு அடி விழுவதில்லை. எண்ணெய் டாலரில் வாங்கப்படுவதால், சிங்கப்பூர் வெள்ளி வலுவாக இருந்தால் அதுவும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்.

அப்போ உலக விலையை ஆட்டுவது யார்?

பெரும்பாலும் நான்கு விஷயங்கள்.

உற்பத்தி: ஒபெக் நாடுகளும் ரஷ்யா போன்ற கூட்டாளிகளும் எவ்வளவு எடுப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்கின்றன. கிருமிப்பரவலால் தேவை சரிந்த 2020ல், நாளுக்கு 9.7 மில்லியன் பீப்பாய் குறைக்க ஒப்புக்கொண்டன.

தேவை: சீனப் பொருளியல் வேகமெடுத்தாலோ, அமெரிக்காவில் கோடைப் பயணக் காலம் தொடங்கினாலோ பெட்ரோலுக்குக் கிராக்கி கூடும்.

பாதை: ஹோர்முஸ் நீரிணை வழியாக 2024ல் சென்ற எண்ணெய், உலகப் பயன்பாட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அங்கே பதற்றம் என்றாலே போதும், ஒரு கப்பல்கூட நிற்காவிட்டாலும் விலை ஏறும். வர்த்தகர்கள் நாளை நடக்கக்கூடியதற்கு இன்றே விலை வைக்கிறார்கள்.

ஆலைகள்: புயல், தீவிபத்து, பராமரிப்பு என்று சுத்திகரிப்பு ஆலை நின்றால் கச்சா எண்ணெய் மலிவாக இருந்தும் பெட்ரோல் விலை கூடும்.

ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு?

விலை ராக்கெட் போல ஏறி, இறகு போல மெதுவாக மிதந்து இறங்குகிறது என்று பொருளியல் நிபுணர்களே சொல்வதுண்டு. பல நாடுகளில் இது ஆராயப்பட்டிருக்கிறது.

நிறுவனங்கள் சொல்லும் ஒரு காரணம், தொட்டியில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய பெட்ரோல் என்பது. அது ஓரளவுதான் பொருந்தும். விலை ஏறும்போதும் தொட்டியில் பழைய பெட்ரோல்தானே இருக்கிறது!

இன்னொரு காரணம் நாம்தான். விலை ஏறினால் எங்கே மலிவு என்று தேடுகிறோம். கொஞ்சம் இறங்கினால் "அப்பாடா" என்று தேடுவதை விட்டுவிடுகிறோம். வாடிக்கையாளர் தேடாதபோது, விலையைக் குறைக்க நிறுவனங்களுக்கு அவசரமில்லை.

சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் விலையை மாற்றினால் மற்றவையும் சில நாள்களில் பின்தொடர்வதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டுச் சேர்ந்து விலை வைக்கிறார்களா என்ற சந்தேகம் வருவது இயல்பு. போட்டித்தன்மை ஆணையம் ஆராய்ந்து 2017ல் அறிக்கை வெளியிட்டது. கூட்டுச் சதிக்கு ஆதாரம் இல்லை என்று அது கூறியது. விற்பவர் சிலரே இருக்கும் சந்தையில், பேசிக்கொள்ளாமலேயே ஒருவரை ஒருவர் பார்த்து விலையை மாற்றுவது நடக்கக்கூடியதுதான்.

ஜோகூரில் மட்டும் எப்படி அவ்வளவு மலிவு?

சிங்கப்பூர் பெட்ரோலுக்கு வரி விதிக்கிறது. மலேசியா மானியம் கொடுக்கிறது. வித்தியாசத்தின் பெரும்பகுதி அதுதான்.

2025 செப்டம்பர் 30ஆம் தேதி தொடங்கிய புடி95 திட்டத்தின்கீழ், தகுதிபெறும் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 காசு என்று அறிவிக்கப்பட்டது. மானியம் என்பது மலேசிய மக்களின் வரிப்பணம். அதனால் வெளிநாட்டில் பதிவான வாகனங்கள் ரோன்95 நிரப்ப 2010லிருந்தே அனுமதி இல்லை. சந்தை விலையை ஒட்டிச் செல்லும் ரோன்97 நிரப்பலாம்.

இந்தப் பக்கமும் ஒரு விதி இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவான கார் சோதனைச்சாவடியைக் கடக்கும்போது தொட்டியில் குறைந்தது முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும். 1989ல் பாதித் தொட்டி என்று தொடங்கிய விதி, 1991ல் முக்கால் தொட்டியானது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

தீர்வையைக் குறைத்தால் என்ன?

2022ல் விலை எகிறியபோது இந்தக் கேள்வி நாடாளுமன்றத்துக்கே போனது. தீர்வையைக் குறைப்பது தனியார் வாகனம் வைத்திருப்போருக்கு மானியம் கொடுப்பது போலாகும் என்று அப்போது நிதியமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் விளக்கினார். பெரும்பாலோர் பேருந்திலும் ரயிலிலும் போகும் ஊரில், கார் வைத்திருப்போருக்குப் பொதுப்பணம் போவது நியாயமா என்பது அந்த வாதம்.

ஆனால் சக்கரத்தில் கை வைத்தால்தான் சோறு என்ற நிலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு தனியார் வாடகை கார் ஓட்டுநர் நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டுகிறார், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 14 லிட்டர். விலை 20 காசு ஏறினால் 2 வெள்ளி 80 காசு கூடுதல். 26 நாளுக்கு 72 வெள்ளி 80 காசு. பெட்ரோல் விலை ஏறிய அன்றே அவருடைய கட்டணம் ஏறுவதில்லை. அந்த இடைவெளியை அவருடைய பைதான் தாங்குகிறது.

2021ல் தீர்வை உயர்ந்தபோது, மோட்டார்சைக்கிள்களுக்கு 60 விழுக்காடும் கார்களுக்கு 15 விழுக்காடும் சாலை வரித் தள்ளுபடி கிடைத்தது. தீர்வையைத் தொடாமல், தேவைப்படுவோருக்குத் தனியாக உதவுவதுதான் சிங்கப்பூரின் வழி. அந்த உதவி போதுமா என்பதே ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி.

நீங்கள் என்ன செய்யலாம்?

கழிவுக்குப் பிந்திய விலையைப் பாருங்கள். பட்டியல் விலை ஒன்றாக இருந்தாலும், வங்கி அட்டை, உறுப்பினர் அட்டை, நிலையம் இவற்றைப் பொறுத்து நீங்கள் கட்டுவது மாறும். பயனீட்டாளர் சங்கத்தின் 'ஃபியூவல் காக்கி' தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

98 உண்மையிலேயே தேவையா? ஆக்டேன் எண் கூடினால் வண்டிக்குத் தெம்பு கூடும் என்பது பலரின் நம்பிக்கை. அந்த எண் காட்டுவது, இயந்திரத்துக்குள் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனை. கையேட்டில் 95 போதும் என்றிருந்தால் 95 போதும்.

டயர் காற்றைச் சரிபாருங்கள். காற்று குறைந்த டயர் கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும்.

முக்கியமாக, விலை இறங்கும்போதும் தேடுங்கள். எல்லாரும் தேடினால், இறகும் கொஞ்சம் வேகமாகக் கீழே வரும்.