பதுக்கை என்னும் சொல்

தமிழகத்து மலைச்சாரல்களிலும் மேய்ச்சற் காடுகளிலும் பெரும் பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய அமைப்புக்கள் காணப்படுகின்றன. கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் இவை மிக்குள்ளதோர் இடமாம். இத்தகையவற்றைப் பாண்டவர் வனவாசத்தில் உறைந்த வீடுகள் எனப் பொதுமக்கள் கூறுவர். மலையாள நாட்டுப் பழங்குழிகளைப் பற்றிப் பாபிங்டன் துரை எழுதி 1823-இல் வெளிவந்த கட்டுரையும் அவற்றைப் பாண்டுகுழி என்றே குறிக்கின்றது. பண்டு என்பதே பாண்டு எனத் திரிந்தது என்பாரும் உளர்.

ஆயின், இவை உயிருடன் இருந்தார் உறைந்த வீடுகள் அல்ல. இறந்தாரைப் போற்றி அமைத்தனவாம். செங்கற்பட்டு மாவட்டத்துச் சானூரில் 1950, 1952-ஆம் ஆண்டுகளில் இக்காலத்துப் புதைகுழிகளை அகழ்ந்தபோது, எலும்புகளும் மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. இவற்றுள் கற்பலகைகளால் நிலத்துள் அமைந்த அறையினைத் தொல்பொருளறிஞர் இன்று கற்பதுக்கை என்பர். நிலத்தின்மேல் நிற்பதனைக் கல்திட்டை என்பர்.

பதுக்கை என்பது சங்கச் சான்றோர் வாய்மொழி. புறநானூறு, அகநானூறு, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகிய தொகைநூல்களில் அது பயில்கின்றது. பாலைநிலத்தே மறவர் அம்பினால் வீழ்ந்த வழிப்போக்கரின் உடலை மூடிய கற்குவையே ஆண்டு அச்சொல்லின் பொருள். பதுங்குதல் தன்வினை, பதுக்குதல் பிறவினை. அப்பிறவினையடியாகப் பிறந்து, மறைத்து வைத்த இடத்தை உணர்த்திற்று இப்பெயர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மேனாட்டார் கல்திட்டையை டால்மென் என வழங்குவர். அது பிரெஞ்சு நாட்டின் பிரித்தானி மொழியில் மேசை, கல் என்னும் இரு சொற்களால் அமைந்தது. அப்பெயர் கல்லின் வடிவைக் கூறும். பதுக்கை என்பதோ கல்லை அடுக்கினாரது செயலைக் கூறும். ஊரும் பேரும் அறியாத வேற்றூரான் உடலையும் பருந்துக்கும் நரிக்கும் விடாது மூடிய கையின் இரக்கம் இச்சொல்லுள் உறைகின்றது.

திருமந்திரத்துச் சமாதிக்கிரியைப் பகுதியில், ஞானியர் திருமேனியைக் குகை அமைத்து அதனுள் இருத்தி, அதன்மேல் அரசமரமாதல் சிவலிங்கமாதல் தாபிக்குமாறு திருமூலர் விதிக்கின்றார். குகை ஞானியர்க்குரியது, பதுக்கை எளியார்க்கும் உரியது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் குகை என்னும் வடசொல்லின் பகுதிக்கும் மறைத்தல் என்பதே பொருள். இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளே எனத் துணிந்த சைவர்க்கு, மறைத்தல் அன்பின் செயலாதல் எளிதில் விளங்கும்.

இதனை அறியாது, புதையல் வேட்கையால் இவற்றை அகழ்வாரும், கட்டடக் கல்லுக்காக உடைப்பாரும் உளர். பெயரின் பொருள் உணர்ந்தார் அது செய்யார். முன்னோர் அன்பினால் மறைத்ததனைப் பின்னோர் ஆசையினால் அழித்தல் அறமன்று.

திருச்சிற்றம்பலம்.