இமிப்ரமின்: மனச்சோர்வுக்கு மருந்து கிடைத்த வரலாறு

இமிப்ரமின் என்பது மனச்சோர்வு நோய்க்கு முதன்முதலில் கிடைத்த மருந்துகளுள் ஒன்று. சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள முன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில், 1956 சனவரியில் இதன் பயன் தெரியவந்தது.

தேடியது வேறு, கிடைத்தது வேறு. குளோர்புரோமசின் என்ற மருந்து மனச்சிதைவு நோயாளிகளை அமைதிப்படுத்துவது 1952இல் தெரிந்தது. அதைப் போன்ற வேதியமைப்புக் கொண்ட ஒரு சேர்மத்தைப் பாசல் நகரின் கெய்கி நிறுவனம் மருத்துவர் ரோலண்ட் கூனிடம் சோதனைக்குக் கொடுத்தது. மனச்சிதைவுக்கு அது உதவவில்லை. சிலருக்குக் கிளர்ச்சி கூடியது. கூன் அதை ஒதுக்கிவிடாமல் மனச்சோர்வு உற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்நோய்க்கு அப்போது மின்னதிர்ச்சியும் அபினும்தான் முக்கிய சிகிச்சைகள்.

கூன் நோயாளிகளிடம் நெடுநேரம் பேசுபவர். செவிலியர் சொல்வதையும் கேட்பவர். காலையில் மிகுந்து மாலையில் சற்றுத் தணியும் துயரம், தீராத களைப்பு, எதிலும் நாட்டமின்மை, தேவையற்ற குற்ற உணர்வு ஆகியவை உள்ள சோர்வில்தான் மருந்து நன்கு பலித்தது. பேசாமல் முடங்கிக் கிடந்தவர்கள் தாமாக எழுந்து நடமாடினார்கள், பிறரோடு பேசினார்கள். சோம்பலென்றும் பிடிவாதமென்றும் வீட்டார் கடிந்துகொள்வது பெரும்பாலும் இந்த அறிகுறிகளைத்தான்.

1957 செப்டெம்பரில் சூரிக் உலக உளமருத்துவ மாநாட்டில் கூன் இதை அறிவித்தபோது, கேட்டவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர். (மழைநாளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கு அந்த அரங்கம் கண்முன் தெரிகிறது.) ஆயினும் சில ஆண்டுகளில் டோஃப்ரனில் என்ற பெயரில் மருந்து பல நாடுகளுக்கும் சென்றது.

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இடையில் நாவறட்சி, மலச்சிக்கல் போன்றவை வரும். அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும். அதனால் இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் ஃபுளுவாக்செட்டின் போன்ற பிந்தைய மருந்துகளையும் உளவியல் ஆலோசனையையும் முதலில் நாடுகின்றனர்.

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. முன்ஸ்டர்லிங்கனில் பல பத்தாண்டுகளாக, அனுமதி பெறாத மருந்துகள் குழந்தைகள் உட்பட ஏராளமானோருக்குக் கொடுக்கப்பட்டன. பலரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. துர்காவ் மாநில அரசு அமர்த்திய வரலாற்றாய்வாளர்கள் 2019இல் இதை விரிவாக வெளியிட்டனர். அக்காலத்தில் அதுதான் வழக்கம் என்பாரும் உளர். ஆனால், சோதனைக்கு உள்ளாகுபவரின் ஒப்புதல் இன்றியமையாதது என்று கூறும் நியூரம்பர்க் நெறிகள் 1947இலேயே வந்துவிட்டன.